நெட் வரவில்லை என்றால் எது வரவில்லை? இணையத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன மாதம் பெரியம்மா ஊரிலிருந்து கூப்பிட்டார். "நெட்டு வரலைப்பா" என்றார். எது வரவில்லை என்று கேட்டால், "அதான் சொல்றேனே, நெட்டுதான்" என்றார். கால் மணி நேரம் பேசிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது. வாட்ஸ்அப் வருகிறது. யூடியூபில் பக்திப் பாட்டு ஓடுகிறது. ஏதோ ஒரு கட்டணம் கட்டும் பக்கம் மட்டும் திறக்கவில்லை. கடைசித் தேதி என்பதால் ஊரே அந்தப் பக்கத்தில் போய் மோதிக்கொண்டிருந்தது போலிருக்கிறது. இரவு ஒன்பது மணிக்குத் தானாகவே திறந்துவிட்டது. அதற்குள் பெரியம்மா போனை மூன்று தடவை அணைத்துப் போட்டு, ரூட்டரைப் பிடுங்கி மாட்டி, பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான் என்று போனைச் 'சுத்தம்' செய்யும் ஆப் ஒன்றையும் ஏற்றி வைத்திருந்தார். அந்த ஆப்பை எடுக்க வைப்பதற்கு எனக்கு இன்னொரு அரை மணி நேரம் ஆனது.

நான் சில வருடங்கள் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தவன். அங்கே வந்தவர்கள் கேட்ட கேள்விகளும் இப்போது சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றுதான். யாருக்கும் மூளைக்குப் பஞ்சமில்லை. எது எங்கே இருக்கிறது என்பதை மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. அதனால் இங்கே எந்த பட்டனை எங்கே அமுக்குவது என்று அதிகம் எழுதப் போவதில்லை. பட்டன்கள் ஒவ்வொரு அப்டேட்டிலும் இடம் மாறும். அடியில் இருக்கும் அமைப்பு அவ்வளவு சீக்கிரம் மாறாது.

முதலில், எது எங்கே இருக்கிறது

நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது நான்கு இடங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. முதலாவது, உங்கள் கையில் இருக்கும் போன் அல்லது கம்ப்யூட்டர். இரண்டாவது, வீட்டில் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும் ரூட்டர் பெட்டி. வெளியே போனால் அதற்குப் பதில் செல்போன் டவர். மூன்றாவது, மாதா மாதம் உங்களிடம் பணம் வாங்கும் இணையச் சேவை நிறுவனம். நான்காவது, நீங்கள் பார்க்க விரும்பும் பக்கத்தை வைத்திருக்கும் கம்ப்யூட்டர். அதற்கு சர்வர் என்று பெயர். அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான். இரவு பகலாக அணைக்காமல், குளிரூட்டிய பெரிய கட்டடத்தில், தன்னைப் போல ஆயிரக்கணக்கானவற்றோடு அடுக்கி வைக்கப்பட்டிருக்கும்.

இதில் பலருக்கும் ஒரு தப்பான எண்ணம் உண்டு: இணையம் வானத்திலிருந்து, சாட்டிலைட் வழியாக வருகிறது என்று. 'கிளவுட்', அதாவது மேகம், என்ற சொல்லும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. உண்மையில் நாடு விட்டு நாடு போகும் தகவலில் மிகப் பெரும்பகுதி கடலுக்கு அடியில் கிடக்கும் கண்ணாடி இழைக் கேபிளில்தான் போகிறது. சென்னைக் கடற்கரையில் அப்படிப்பட்ட கேபிள்கள் பல கரையேறுகின்றன; சிங்கப்பூருக்குப் போவதும் அவற்றில் ஒன்று. அந்தமான் தீவுகள் நெடுங்காலம் சாட்டிலைட்டை நம்பித்தான் இருந்தன. 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) மற்ற சில தீவுகளுக்கும், மொத்தம் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்தில் கடலடிக் கேபிள் தொடங்கி வைக்கப்பட்ட பிறகுதான் அங்கே வீடியோ தடங்கலில்லாமல் பார்க்கிற நிலை வந்தது. உங்கள் போனில் வயர் இல்லை, சரி. ஆனால் அந்த வயர் இல்லாத தூரம், டவர் வரைக்கும் அல்லது ரூட்டர் வரைக்கும்தான். அதற்கு அப்பால் பெரும்பாலும் எல்லாம் வயர்தான்.

அந்த வயரில் ஒரு படம் முழுசாகப் போவதில்லை. துண்டு துண்டாகப் போகிறது. ஒரு துண்டு பொதுவாக 1,500 பைட்டுக்கு மேல் இருக்காது (பைட், எம்பி என்ற அளவுகளைக் கீழே விளக்குகிறேன்). நீங்கள் அனுப்பும் 3 எம்பி போட்டோ சுமார் 2,000 துண்டுகளாகும். ஒவ்வொன்றின் மேலும் போக வேண்டிய முகவரி இருக்கும், வரிசை எண் இருக்கும். வீடு மாற்றும்போது அட்டைப் பெட்டிகளில் எண் எழுதி ஏற்றி அனுப்புவோமே, அது மாதிரி. எந்தப் பெட்டி எந்த வழியில் போனாலும் சரி. போய்ச் சேர்ந்த இடத்தில் எண்ணைப் பார்த்து அடுக்கிவிடலாம். ஒரு துண்டு வழியில் தொலைந்தால், "1,204 வரவில்லை, திரும்ப அனுப்பு" என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்பார்கள். இந்த ஒழுங்குமுறைக்கு டிசிபி/ஐபி என்று பெயர். 1983 ஜனவரி 1 முதல் அன்றைய ஆர்பாநெட் வலைப்பின்னல் முழுவதும் இதற்கு மாறியது. நாம் இன்று பயன்படுத்துவது அதன் வாரிசுதான். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். என்ற அன்றைய அரசு நிறுவனம் மூலமாக.

துண்டின் மேல் எழுதும் முகவரி வெறும் எண். பழைய முறையில் நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. அப்படிக் கணக்கிட்டால் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான் கிடைக்கும். உலகத்தில் இருக்கும் போன்களுக்கே அது காணாது என்பதால் இன்னும் நீளமான புதிய முறையும் இப்போது கூடவே ஓடுகிறது. மனிதர்களால் எண்ணை நினைவு வைத்துக்கொள்ள முடியாது என்பதற்காகப் பெயர் வைத்தார்கள். நீங்கள் பெயரைத் தட்டினால், அதற்குரிய எண்ணைத் தேடிக் கொடுக்க டிஎன்எஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. போனில் 'பெரியம்மா' என்று தேடி எண்ணைக் கூப்பிடுகிற மாதிரிதான். ஒரே வித்தியாசம், இந்தக் கான்டாக்ட் லிஸ்ட் உலகத்துக்கே பொது.

நெட் வரவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

முதலில் வேறு ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். அது திறந்தால் உங்கள் பக்கம் பழுதில்லை. பெரியம்மாவுக்கு நடந்தது இதுதான். சர்வர் திணறுகிறது என்றால் காத்திருப்பதைத் தவிர நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. எதையும் புதிதாக ஏற்றவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம்.

எதுவுமே திறக்கவில்லையா? வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். அதில் வந்தால் போன் நன்றாக இருக்கிறது, கோளாறு ரூட்டரிலோ நிறுவனத்திலோ. இங்கேதான் ஒரு குழப்பம். "வைஃபை ஃபுல்லா காட்டுது, ஆனா வரலை" என்பார்கள். வைஃபை என்பது கயிறு மாதிரி. கயிறு உறுதியாக இருக்கிறது என்பதற்காகக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. போனில் தெரியும் அந்த விசிறி அடையாளம், உங்கள் போனுக்கும் ரூட்டருக்கும் நடுவே இருக்கும் தொடர்பை மட்டுமே காட்டுகிறது. ஃபைபர் இணைப்பு என்றால் பெட்டியில் 'எல்ஓஎஸ்' என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து வரும் ஒளி வரவில்லை என்று பொருள். எங்கேயோ குழி தோண்டியிருப்பார்கள், அல்லது மரக்கிளை விழுந்திருக்கும், அல்லது வீட்டுக்குள்ளேயே வயர் மடங்கியிருக்கும். புகார் சொல்லும்போது "நெட் வரலை" என்று சொல்லாமல் "எல்ஓஎஸ் சிவப்பா எரியுது" என்று சொல்லிப் பாருங்கள். ரூட்டரை அணைத்துப் போடுங்கள் என்ற பாட்டையெல்லாம் தாண்டி நேராக லைன்மேனை அனுப்புவார்கள்.

ரூட்டரை அணைத்துப் போடுவதாக இருந்தால், அணைத்த பிறகு அரை நிமிடம் பொறுத்துப் போடுங்கள். மீண்டும் இணைய இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். அதற்குள் திரும்ப அணைக்க வேண்டாம்.

இன்னொன்று, யாரும் எதிர்பார்க்காதது. போனில் தேதி தப்பாக இருந்தால் பல பக்கங்கள் 'பாதுகாப்பில்லை' என்று சொல்லித் திறக்க மறுக்கும். பேட்டரி முழுக்க இறங்கிப் பல நாள் கிடந்த பழைய போனில், பழைய கம்ப்யூட்டரில் இது அடிக்கடி நடக்கும். தேதியைத் தானாக அமையும்படி விட்டால் சரியாகிவிடும்.

அப்புறம், அன்றைய டேட்டா தீர்ந்திருக்கலாம். அதற்குக் கொஞ்சம் கணக்குத் தெரிய வேண்டும்.

ஜிபி, எம்பி, எம்பிபிஎஸ்

பிட் என்பது மிகச் சிறிய அளவு. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆயிரம் பைட் சுமாராக 1 கேபி, ஆயிரம் கேபி 1 எம்பி, ஆயிரம் எம்பி 1 ஜிபி. 1,024 என்று கணக்கிடுபவர்களும் உண்டு. நமக்கு ஆயிரம் போதும்.

கோப்பின் அளவைப் பைட்டில் சொல்வார்கள். வேகத்தை பிட்டில் சொல்வார்கள். விளம்பரத்தில் '100 எம்பிபிஎஸ்' என்று போட்டிருந்தால் நொடிக்கு 100 எம்பி இறங்கும் என்று நினைக்காதீர்கள். எட்டால் வகுங்கள், நொடிக்கு 12.5 எம்பிதான். யாரும் ஏமாற்றவில்லை, அளவு வேறு. பவுனும் கிராமும் மாதிரி.

தினசரி டேட்டா தீர்ந்த பிறகும் பல திட்டங்களில் இணைப்பு முழுதாக அறுந்துவிடாது. வேகம் 64 கேபிபிஎஸ் ஆகக் குறையும். எட்டால் வகுத்தால் நொடிக்கு 8 கேபி. வாட்ஸ்அப்பில் எழுத்து போய்விடும். ஆனால் ஒரு 3 எம்பி போட்டோ போக ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். "மெசேஜ் போகுது, போட்டோ மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு" என்று யாராவது சொன்னால், முதலில் டேட்டா மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பிரவுசர் வேறு, தேடுபொறி வேறு

குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி இவை பிரவுசர்கள், தமிழில் உலாவி. எந்த முகவரியைக் கொடுத்தாலும் அங்கே கூட்டிப் போகிற வாகனம். கூகுள் என்பது தேடுபொறி. எந்த முகவரிக்குப் போவது என்று தெரியாதபோது விசாரிக்கிற இடம். இரண்டுக்கும் ஒரே பெட்டியில் தட்டுகிறோம் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அந்தக் கட்டத்தில் முழு முகவரியைத் தட்டினால் நேரே அந்த வீட்டுக்குப் போகும். இரண்டு வார்த்தை தட்டினால் விசாரிக்கப் போகும்.

விசாரிக்கிற இடத்தில் முதலில் கைகாட்டுபவர் சரியான ஆள்தானா என்று பார்க்க வேண்டும். தேடல் முடிவுகளில் மேலே வருவது சில சமயம் காசு கொடுத்து வாங்கிய இடம். 'ஸ்பான்ஸர்டு' என்றோ 'விளம்பரம்' என்றோ சின்னதாகப் போட்டிருக்கும். செருப்பு வாங்கப் போனால் அதில் தப்பில்லை. ஆனால் வங்கியின் பெயரைப் போட்டு 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று மட்டும் ஒருநாளும் தேடாதீர்கள். மோசடிக்காரர்கள் தங்கள் எண்ணை அங்கே ஏற்றி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். அவர்கள் உங்களைக் கூப்பிடவே தேவையில்லை. நீங்களே கூப்பிட்டு, நீங்களே விவரம் சொல்லிவிடுவீர்கள். வங்கியின் எண் உங்கள் ஏடிஎம் கார்டின் பின்னால் அச்சிட்டிருக்கிறது. பாஸ்புக்கிலும் இருக்கும். அதைப் பார்த்துக் கூப்பிடுங்கள்.

முகவரியைப் படிக்கும் விதம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். முகவரிகளை இங்கே தமிழில் எழுதுகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

வருமான வரித் துறையின் முகவரி இன்கம்டாக்ஸ்.கவ்.இன் என்று முடியும். அதற்கு முன்னால் 'எச்டிடிபிஎஸ்' என்று தொடங்கி இரண்டு சாய்கோடு வரும், அதைத் தாண்டிவிடுங்கள். அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள் (சாய்கோடு இல்லையென்றால் முகவரியின் கடைசி). அந்த இடத்தில் விரலை வைத்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். இன். கவ். இன்கம்டாக்ஸ். அதாவது இந்தியா, அரசு, வருமான வரி. தெருப் பெயரிலிருந்து தொடங்காமல் நாட்டிலிருந்து தொடங்கி உள்ளே வருகிறோம்.

இப்போது இதைப் பாருங்கள்:

இன்கம்டாக்ஸ்.கவ்.இன்.ரீஃபண்ட்-உதவி.காம்

இடமிருந்து படித்தால் அரசாங்கம் மாதிரியே இருக்கிறது. வலமிருந்து படியுங்கள்: காம், ரீஃபண்ட்-உதவி. முடிந்தது கதை. இதன் சொந்தக்காரர் 'ரீஃபண்ட்-உதவி' என்று ஒரு பெயரைப் பணம் கட்டிப் பதிந்துகொண்ட யாரோ. அதற்கு முன்னால் அவர் எதை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள். நம் மொழியில் இதைப் புரிந்துகொள்வது சுலபம். 'கலெக்டர் ஆபீஸ் டீக்கடை' என்று போர்டு மாட்டியிருந்தால் அது டீக்கடைதானே தவிர கலெக்டர் ஆபீஸ் ஆகிவிடாது. கடைசியில் என்ன இருக்கிறதோ அதுதான் பொருள்.

'கவ்.இன்' என்ற முடிவை இந்திய அரசு அமைப்புகள் மட்டுமே வாங்க முடியும். தமிழ்நாடு அரசின் பக்கங்கள் பலவும் 'டிஎன்.கவ்.இன்' என்று முடியும். இலங்கை அரசின் பக்கங்களுக்கு 'கவ்.எல்கே'. வங்கிகளுக்கும் ஒரு நல்ல வேலை நடந்திருக்கிறது: இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க்.இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கிகள் தவிர வேறு யாருக்கும் அந்த முடிவு கிடைக்காது. 'காம்' அப்படியில்லை, நானும் வாங்கலாம், நீங்களும் வாங்கலாம். தமிழிலேயே முடியும் முகவரிகளும் உண்டு, .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று. ஆனால் அன்றாடம் பார்ப்பது அபூர்வம், அது ஒரு தனி வருத்தம்.

போனில் இடம் போதாமல் முகவரி பாதிதான் தெரியும். அந்தக் கட்டத்தை ஒரு தடவை தொட்டால் முழுசாக வரும். சில பிரவுசர்களில் பக்கத்தில் தெரியும் பூட்டு அடையாளத்தைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். போகிற வழியில் மூன்றாம் ஆள் ஒட்டுக் கேட்க முடியாது என்றுதான் அந்தப் பூட்டு சொல்கிறது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் யோக்கியரா என்று அது சொல்லவே இல்லை. திருடன் வீட்டிலும் பூட்டு இருக்கும்.

ஒரு மின்னஞ்சல் கணக்கு

மின்னஞ்சலா, யார் அனுப்புகிறார்கள் இப்போது என்று கேட்பீர்கள். கடிதம் எழுத வேண்டாம். ஆனால் அதுதான் மற்ற எல்லாப் பூட்டுக்கும் மாற்றுச் சாவி. வேறு எந்தத் தளத்தில் பாஸ்வேர்டை மறந்தாலும் புதிய பாஸ்வேர்டுக்கான லிங்க் பெரும்பாலும் மின்னஞ்சலுக்குத்தான் வரும். எனவே மின்னஞ்சலுக்குப் போடும் பாஸ்வேர்டை வேறு எங்கேயும் போடாதீர்கள்.

பாஸ்வேர்டு நீளமாக இருப்பதுதான் முக்கியம். பிள்ளை பெயரும் பிறந்த வருடமும் வேண்டாம். ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை எடுத்து, ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். முருங்கை, திண்ணை, எழுபது, ரயில் என்கிற மாதிரி. இதையே போட்டுவிடாதீர்கள், உங்கள் நான்கை நீங்களே எடுங்கள். நோட்டில் எழுதி வைக்கக்கூடாது என்று சொல்வார்கள். வயதானவர்களுக்கு நான் எழுதி வைக்கத்தான் சொல்வேன். பீரோவுக்குள் இருக்கும் நோட்டு, எல்லாத் தளத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதைவிட எவ்வளவோ மேல். ஏடிஎம் பின் நம்பரையும், போனிலிருந்தே வங்கிப் பணம் அனுப்பும் யூபிஐ-யின் பின் நம்பரையும் மட்டும் எங்கேயும் எழுதாதீர்கள்.

இரட்டைச் சரிபார்ப்பு என்று ஒன்று கேட்கும். பாஸ்வேர்டோடு, போனுக்கு வரும் ஓடிபி என்ற ஒருமுறை எண் போன்ற இன்னொரு சான்றையும் கேட்கிற ஏற்பாடு அது. இயக்கிவிடுங்கள். பாஸ்வேர்டு வெளியே போனாலும், போன் உங்கள் கையில் இருக்கும் வரை உள்ளே நுழைவது கஷ்டம். கணக்கில் கொடுத்த மொபைல் எண்ணை மாற்றினால் அன்றைக்கே கணக்கிலும் மாற்றுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்டுத் துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து நிறுவனம் வேறொருவருக்குக் கொடுக்கலாம். உங்கள் ஓடிபி அப்புறம் அவருக்குப் போகும்.

தமிழில் எழுதுவது

போனின் விசைப்பலகை அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும். அம்மா என்று வர ஆங்கில எழுத்தில் தட்டுகிற முறை ஒன்று, பேசினால் எழுதிக்கொள்வது ஒன்று, தமிழ் எழுத்துகளையே நேராகத் தட்டும் தமிழ்99 ஒன்று. தமிழ்99 என்பது 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை. நிறைய எழுதப் போகிறவர்கள் பத்து நாள் சிரமப்பட்டு அதைக் கற்றுக்கொள்ளலாம் என்பது என் கட்சி. பெரியம்மாவுக்குப் பேசி எழுதுவதுதான் வசதி. ஃபுல்ஸ்டாப் எங்கே போனது என்று மட்டும் கேட்காதீர்கள்.

நாம் 'தமிழ்' என்று எழுதினால் மூன்று எழுத்து. கம்ப்யூட்டருக்கு ஐந்து: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. யூனிகோட் முறையில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. இணையப் பக்கத்தில் ஒவ்வொன்றும் 3 பைட் இடம் பிடிக்கும், ஆக மொத்தம் 15 பைட். சாதாரண எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலம் என்றால் 160 எழுத்து போகும், தமிழில் 70 குறிகளோடு ஒரு செய்தி முடிந்துவிடும். கொக்கியும் புள்ளியும்கூட அந்த எழுபதில் சேர்த்தி. தமிழில் நாலு வரி அனுப்பினால் இரண்டு மூன்று எஸ்எம்எஸ் கணக்காவது இதனால்தான். பழைய கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் கண்டபடி ஆங்கில எழுத்தும் குறியுமாக வருகிறதா? அது யூனிகோடுக்கு முந்தைய ஏதோ ஒரு எழுத்துருவில் அடித்தது. கோப்பு கெடவில்லை. எழுத்துரு மாற்றித் தரும் கருவியில் போட்டால் பெரும்பாலும் படிக்கக் கிடைக்கும்.

விண்ணப்பம் போடுவது

பிரவுசிங் சென்டரில் நான் பார்த்த கண்ணீரில் பாதி இங்கேதான். படிவத்தை முழுக்க நிரப்பி, கடைசியில் போட்டோ ஏற்றும் இடத்தில் '20 கேபி முதல் 50 கேபி வரை' என்று நிற்கும். போனில் எடுத்த படம் 3 எம்பி, அதாவது 3,000 கேபி. அறுபது மடங்கு பெரிது. அதை நாலைந்து தடவை முயன்று பார்ப்பதற்குள் பக்கம் 'நேரம் முடிந்தது' என்று சொல்லி எல்லாவற்றையும் அழித்துவிடும். ஒரு பெண் கடைசி நாள் இரவு பத்தரை மணிக்கு இப்படி மூன்று தடவை முதலிலிருந்து நிரப்பினார். மூன்றாவது தடவை நான்தான் படத்தைச் சுருக்கிக் கொடுத்தேன். இரண்டு நிமிட வேலை.

எனவே வரிசையை மாற்றுங்கள். படிவத்தைத் திறக்கும் முன் அறிவிப்பைப் படித்து, போட்டோ எத்தனை கேபி, கையெழுத்து எத்தனை கேபி, ஜேபெக் (படக் கோப்பு) வேண்டுமா பிடிஎஃப் (ஆவணக் கோப்பு) வேண்டுமா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கையெழுத்தை வெள்ளைத் தாளில் கருப்பு மையில் போட்டு, பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, சுற்றியிருக்கும் வெற்றிடத்தை வெட்டிவிடுங்கள். வெட்டினாலே பாதி கேபி குறையும். அப்புறம் அளவைக் குறையுங்கள். 'ரீசைஸ்' என்று போன் ஆப்களிலும் கம்ப்யூட்டரிலும் வசதி இருக்கிறது. எல்லாம் ஒரே ஃபோல்டரில் தயாராக இருந்த பிறகு படிவத்தைத் திறந்தால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். கடைசியில் வரும் ரசீதை டவுன்லோடு செய்யுங்கள். ஸ்க்ரீன்ஷாட்டும் எடுங்கள், இரண்டும் இருக்கட்டும்.

டவுன்லோடு செய்தது எங்கே போனது? போனில் 'ஃபைல்ஸ்' ஆப்பில் 'டவுன்லோட்ஸ்' என்ற இடத்தில் இருக்கும். தினம் ஒருவர் கேட்பார் இதை.

இ-ஆதார் பிடிஎஃப் திறக்கப் பாஸ்வேர்டு கேட்டால், ஆதாரில் உள்ளபடி ஆங்கிலத்தில் உங்கள் பெயரின் முதல் 4 எழுத்து பெரிய எழுத்தில், அதோடு சேர்த்துப் பிறந்த ஆண்டு. கடைசி 4 எண் மட்டும் தெரிகிற 'மாஸ்க்டு' ஆதாரும் அங்கேயே கிடைக்கிறது. ஏற்றுக்கொள்கிற இடத்தில் அதையே கொடுங்கள். வெளியே கடையில் பிரின்ட் எடுத்தால், வாட்ஸ்அப் வெப்பிலிருந்தும் மின்னஞ்சலிலிருந்தும் வெளியேறி, இறக்கிய கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னிலும் அழித்துவிட்டு எழுந்திருங்கள். நான் இருந்த சென்டரில் ஒவ்வொரு நாள் இரவும் டெஸ்க்டாப்பில் யார் யாருடைய ஆதார், மார்க் ஷீட் எல்லாம் கிடக்கும். மூடும் முன் அழித்துவிட்டுப் போவேன். எல்லாக் கடையிலும் அழிப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

பணம்

யூபிஐ 2016-இல் வந்தது. அதில் பின் நம்பர் போடுவது பணம் கொடுக்க. பணம் வாங்க பின் வேண்டாம், க்யூஆர் ஸ்கேன் செய்யவும் வேண்டாம். பழைய சோபாவை விற்கப் போட்டிருப்பீர்கள். ஒருவர் பேரம்கூடப் பேசாமல் சம்மதித்து, "பணம் அனுப்பிட்டேன் சார், ஸ்கேன் பண்ணி பின் போட்டா உங்களுக்கு வந்துடும்" என்பார். பின் போட்டால் போவது உங்கள் பணம்.

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வரும் கோப்பின் பெயர் 'ஏபிகே' என்று முடிந்தால் தொடாதீர்கள். பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப் ஆக வரும், வீடியோவாகவும் வரும். ஏபிகே என்பது போனில் ஏறி உட்காரும் ஆப். உட்கார்ந்ததும் உங்கள் ஓடிபியைப் படிக்க ஆரம்பிக்கும். அனுப்பியவர் உங்கள் மாமாவே ஆனாலும் அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கலாம், கூப்பிட்டுக் கேளுங்கள்.

போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டினால், இந்தியச் சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. பதில் சொல்லாமல் வைத்துவிடுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதை மட்டும் இரண்டு தடவை சொல்லி வையுங்கள், ஏனென்றால் மரியாதைக்குப் பயந்தவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

தப்பு நடந்துவிட்டதா? வெட்கப்பட்டு மறைக்க நேரமில்லை. இந்தியாவில் 1930 என்ற எண்ணை உடனே கூப்பிடுங்கள், சைபர்கிரைம்.கவ்.இன் என்ற தளத்திலும் புகார் பதியலாம். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறி வெளியே எடுக்கப்படுவதற்குள் சொன்னால் வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. மணிக்கணக்கில் தாமதித்தால் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். கூப்பிடும்போது பரிவர்த்தனை எண், நேரம், தொகை மூன்றும் கையில் இருக்கட்டும். வங்கிக்கும் தனியாகச் சொல்லுங்கள். பெரியம்மாவின் போனில் 1930-ஐ 'பணம் போச்சுன்னா' என்ற பெயரில் சேவ் செய்து கொடுத்திருக்கிறேன்.